மலிவு விலை முகப்பவுடர்: விலை சொல்வதும் சொல்லாததும்

எந்தப் பவுடர் நல்லது என்ற கேள்வி தமிழில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தாங்கள் செய்த நறுஞ்சுண்ணத்தில் எவருடையது சிறந்தது என்று வழக்காடுகிறார்கள். தீர்ப்புக்காக அது சீவகனிடம் வருகிறது. அவன் இரண்டையும் வானில் தூவுகிறான்; வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை நாடி மொய்க்கின்றன; வழக்கு முடிகிறது. அங்கே அளவுகோல் மணம் ஒன்றுதான்.

இன்று திருகோணமலை நகரின் ஃபேன்சி கடையிலோ பார்மசியிலோ கொம்பக்ட் பவுடர் வாங்க நிற்பவருக்கு அளவுகோல்கள் பல, நடுவர் இல்லை. ஒன்றுபோல் தோன்றும் வட்ட டப்பாக்களின் விலைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. வங்கிக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் நாள்தோறும் போகிறவர் இவற்றுள் மலிவானதை எடுத்து அன்றாடம் பூசலாமா? ஒழுக்கவாதி, வீட்டு மூத்தவர், வியாபாரி, மருத்துவர், நிற அரசியல் பேசுபவர் என ஒவ்வொருவரும் இதற்கு வெவ்வேறு விடை தந்திருக்கிறார்கள். அந்த விடைகளின் தோற்றத்தையும் பலவீனத்தையும் வரிசைப்படுத்தி, எஞ்சி நிற்பது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டப்பாவுக்குள் இருப்பவை

விடைகளுக்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும். அழுத்திய முகப்பவுடரின் பெரும்பகுதி பொதுவாக டால்க் என்னும் மக்னீசிய சிலிக்கேற்றுக் கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் இடம் 1. அறியப்பட்ட கனிமங்களில் மிக மென்மையானது. அதனால்தான் தோலில் வழுக்கிப் பரவுகிறது. அதோடு மினுமினுப்புக்கு மைக்கா, எண்ணெயை உறிஞ்சக் கயோலின் களிமண், தோலில் ஒட்டி நிற்க நாக அல்லது மக்னீசிய ஸ்டியரேற்று, மறைக்கும் வெண்மைக்கு டைட்டேனியம் டை ஒக்சைட்டு, நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைட்டுகள் சேர்கின்றன. தூள் உதிராமல் தட்டில் இறுகி நிற்கச் சிறிதளவு எண்ணெய் அல்லது சிலிக்கோன், கெடாமலிருக்கப் பாதுகாப்புப் பொருள், வாசனை ஆகியன எஞ்சியவை.

இந்தப் பட்டியலில் திருகோணமலை மாவட்டத்துக்கு நேரடி உறவுடைய பொருள் ஒன்று உண்டு. டைட்டேனியம் டை ஒக்சைட்டுக்கு மூலமான இல்மனைட்டு, நகருக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு கிடைக்கிறது. அரசுக்குச் சொந்தமான கனிய மணல் நிறுவனம் அதை அகழ்ந்து பிரித்து ஏற்றுமதி செய்கிறது. வெண்ணிறமியாக மாற்றும் தொழிற்சாலை நாட்டில் இல்லை. மூலப்பொருளாகவே விற்கிறோம் என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. எந்த மணல் எந்த டப்பாவுக்குள் போகிறது என்று தடம் காண இயலாது. ஆயினும் கனியத்தை ஏற்றுமதி செய்யும் மாவட்டம், அதே வகைக் கனியத்தால் ஆன முகப்பவுடரை இறக்குமதி விலையில் வாங்குகிறது.

முதல் நிலைப்பாடு: பூசவே தேவையில்லை

அலங்காரத்தை மறுப்பவர்களின் வாதத்துக்கு இரு வேர்கள் உண்டு. ஒன்று சமய ஒழுக்கம்: அடக்கமே அழகு, முகத்தில் பூசுவது பிறரைக் கவர்வதற்காக என்ற எண்ணம். மற்றது சமூகச் சீர்திருத்தம். நகையிலும் அலங்காரத்திலும் பெண் மனத்தைச் செலுத்துவது அவளுடைய அடிமைநிலையை நீட்டிக்கிறது என்று பெரியார் ஈ.வெ.ரா. தொடர்ந்து வாதிட்டார். மேற்கில் நவோமி வுல்ஃப் 1990-இல் வெளிவந்த நூலொன்றில், பெண்கள் பொதுவாழ்வில் முன்னேற முன்னேற அழகு பற்றிய நிர்ப்பந்தம் கூடிக்கொண்டே போகிறது என்று எழுதினார்.

இதற்கு மறுப்பும் உண்டு. அமெரிக்க வரலாற்றாய்வாளர் கேத்தி பைஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, அழகுசாதனத் தொழிலின் தொடக்க காலத்தில் பெண்களே, அவர்களுள் மேடம் சி.ஜே. வாக்கர் போன்ற கறுப்பினப் பெண்களும், முதலாளிகளாகவும் விற்பனையாளராகவும் விளங்கியதைக் காட்டியது. பூசுதல் எப்போதும் அடிபணிதலாக இருக்கவில்லை என்பது அதன் முடிவு.

மறுப்பு நிலைப்பாட்டின் பலவீனம், அது வாங்குபவரின் சூழலைக் கருதாமல் விடுவது. வரவேற்பு மேசையிலும் விற்பனைப் பணியிலும் இருக்கும் பெண்ணின் தோற்றத்தை முதலாளி கணக்கில் எடுக்கிறார். பவுடரின் செலவை மட்டும் அவரது சம்பளம் ஏற்கிறது. ‘பூசாதே’ என்ற அறிவுரை அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படும் அளவுக்கு அந்த முதலாளிக்குச் சொல்லப்படுவதில்லை.

சமயக் கேள்வி வேறொரு வடிவத்திலும் வருகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பெண்கள் கேட்பது, இதைப் பூசிக்கொண்டு வுழூ (தொழுகைக்கு முந்திய கழுவல்) நிறைவேறுமா, உட்பொருள் ஹலாலா என்பவை. உலர்ந்த பவுடர் கழுவினால் போய்விடும். நீர் புகாத வகைகள் குறித்தே ஐயம் எழுகிறது. ஸ்டியரேற்று விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யப்படக்கூடியது. கார்மைன் என்ற செந்நிறம் பூச்சியிலிருந்து வருகிறது. சைவ உணவுக்காரரான இந்துக்களுக்கும் இது பொருந்தும் ஐயமே. மூலத்தை வெளிப்படையாகச் சொல்லாத உறை இரு தரப்பாருக்கும் விடை தருவதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: வீட்டில் இருப்பதே போதும்

மஞ்சள், சந்தனம், பச்சைப்பயறு மா, அரிசி மா ஆகியவை இருக்க டப்பா எதற்கு என்பது மூத்தோர் வாதம். இதற்கு நீண்ட மரபு உண்டு. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் மகளிர் கூடிச் சுண்ணம் இடிக்கும் பாடலாகவே அமைந்தது. செலவு குறைவு, வாங்கும் பொருள் கண்முன் அரைபடுகிறது என்பன இதன் பலம்.

ஆனால் ‘பழையது, இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்ற தொடர்ச்சி வரலாற்றில் நிற்பதில்லை. கூத்தரும் நடிகரும் முகத்தில் பூசிய அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த இயற்கைக் கனிமம். ஐரோப்பிய மேட்டுக்குடியினர் பல நூற்றாண்டுகள் பூசியது ஈய வெள்ளை. ஜப்பானிய நாடக நடிகர்களிடையே ஈய நஞ்சு வெளிப்பட்ட பின்னும், அங்கே ஈயப் பவுடர் முற்றாகத் தடைபட 1930-கள் வரை சென்றது. நம் காலத்திலும் பங்களாதேஷில் மஞ்சள்தூளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்று கலக்கப்பட்டதை 2019-இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கடைத்தூளை நம்பி வாங்கும்போது, வீட்டு மரபும் சந்தையின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத்துப் பூசிக் கழுவும் பொருளும், காலையில் பூசி மாலை வரை முகத்தில் நிற்க வேண்டிய பொருளும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. மாவுப்பொருள் வியர்வையில் பிசுபிசுத்துத் திரளும். அந்த இடைவெளியைத் தமிழ் வீடுகளில் நிரப்பியது குழந்தைப் பவுடரும் உடம்புக்கான டல்கம் பவுடரும்தான். குளித்ததும் உள்ளங்கையில் கொட்டி முகத்தில் தேய்க்கும் பழக்கம் பல தலைமுறைகளுடையது. கொம்பக்டை ஆடம்பரம் என்று ஒதுக்கும் வீட்டிலும் டால்க் புழக்கத்தில் இருந்தே வந்திருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: விலையே தரம்

விலை உயர்ந்தது நல்லது என்பது விளம்பரத்தின் வாதம். எல்லாம் ஒன்றுதான், பெயருக்கே காசு என்பது அதன் எதிர்வாதம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

டால்க், மைக்கா, இரும்பு ஒக்சைட்டு ஆகியவை அரிய பொருள்கள் அல்ல. பல நிறுவனங்கள் சொந்தமாக உற்பத்தி செய்யாமல் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் செய்வித்து வாங்குகின்றன. எனவே உட்பொருள் பட்டியலில் மலிவானதும் உயர்ந்ததும் பெரும்பாலும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. வேறுபாடு பட்டியலில் தெரியாத இடங்களில் வரலாம்: தூள் எவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டது, நிறமித் துகள்களுக்கு மேற்பூச்சு உண்டா, அழுத்தம் சீரானதா, டால்க் எந்தச் சுரங்கத்திலிருந்து எந்தச் சோதனைக்குப் பின் வந்தது. முதல் மூன்றையும் பூசிப் பார்த்தே ஓரளவு அறியலாம். நான்காவதை எந்த விரலாலும் அறிய முடியாது.

விலை எப்போதும் தரத்தை மட்டுமே பின்தொடர்வதும் இல்லை. 1952-இல் இந்தியாவில் டாட்டா குழுமம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியதன் பின்னணியில், வெளிநாட்டு அழகுசாதனங்களுக்காக அந்நியச் செலாவணி கரைகிறது என்ற நேரு அரசின் கவலை இருந்தது. அதே கவலை இலங்கையில் எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. 2022-இல் டொலரின் விலை சில மாதங்களில் சுமார் 200 ரூபாயிலிருந்து சுமார் 360 ரூபாய்க்கு ஏறியது. அவ்வாண்டு ஓகஸ்டில் சொக்லேட் முதல் வாசனைத் திரவியம், ஷாம்பூ வரை சுமார் 300 வகைப் பொருள்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது; பின்னர் கட்டங்கட்டமாகத் தளர்ந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. டப்பாவின் உள்ளடக்கம் மாறாமலே விலை மாறிய காலம் அது. அத்தகைய காலத்தில் விலையை வைத்துத் தரத்தை அளப்பது கடினம்.

அதேபோல் மலிவு என்பதும் ஒரே வகை அல்ல. குறைந்த இலாபத்தில் பெருமளவில் விற்கும் உள்நாட்டு, இந்தியத் தயாரிப்பு ஒரு மலிவு. இறக்குமதியாளர் பெயரோ தொகுதி எண்ணோ இல்லாமல், அறிந்த பெயரின் எழுத்தைச் சற்றே மாற்றி வரும் போலி இன்னொரு மலிவு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்த விவாதம் அடிக்கடி குழம்புகிறது.

நான்காம் நிலைப்பாடு: டால்க் ஆபத்தானது

அண்மைக்கால விவாதத்தின் மையம் இதுவே. நிலத்தடியில் டால்க்கும் கல்நாரும் அருகருகே உருவாகக்கூடியவை. கல்நார் புற்றுநோய் விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை. கலப்படம் நிகழ்வதற்கு யாரும் கலக்க வேண்டியதில்லை, சுரங்கமே போதும். 1976-இல் அமெரிக்க அழகுசாதன உற்பத்தியாளர் சங்கம், தம் டால்க்கில் கண்டறியத்தக்க கல்நார் இருக்கக்கூடாது என்ற தன்னார்வ விதியை வகுத்தது. அதற்கென வகுத்த சோதனை முறையின் நுண்மை போதாது, இலத்திரன் நுணுக்குக்காட்டியே பயன்பட வேண்டும் என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

அந்த விமர்சனம் கற்பனை அல்ல என்பதற்கு 2019 மார்ச் ஒரு சான்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிளேர்ஸ் என்ற கடைத்தொடரின் மூன்று பொருள்களில் கல்நார் கண்டறியப்பட்டதாக எச்சரித்தது. அவற்றுள் ஒன்று கொம்பக்ட் பவுடர். அதே மாதத்தில் இலங்கை, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழந்தைப் பவுடரில் கல்நார் இல்லை என்பதற்குச் சான்று கேட்டு இறக்குமதியை நிறுத்தி வைத்தது. தன் பொருள் பாதுகாப்பானது என்ற நிலையில் அந்நிறுவனம் உறுதியாக நின்றது. எனினும் 2020-இல் வட அமெரிக்காவிலும் 2023-இல் உலகெங்கும் டால்க்கைக் கைவிட்டுச் சோளமாவுக்கு மாறியது.

கல்நார் இல்லாத டால்க் பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. 2020 ஜனவரியில் வெளியான, சுமார் 2,50,000 பெண்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வு, அந்தரங்க உறுப்பில் பவுடர் பூசுவதற்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இடையே புள்ளியியல்படி உறுதியான தொடர்பைக் காணவில்லை. மறுபுறம், 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டால்க்கை ‘மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் சாத்தியம் அதிகம்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. மனிதச் சான்று மட்டுப்பட்டது, விலங்குச் சான்று போதியது, உயிரணு மட்டத்தில் வலுவான அறிகுறிகள் உண்டு என்பது அதன் அடிப்படை.

இந்த வகைப்பாட்டை வாசிப்பதில் இரு தவறுகள் நிகழ்கின்றன. அந்த முகவரகம் ஒரு பொருளால் தீங்கு நேரக்கூடுமா என்பதையே சொல்கிறது. எவ்வளவு பூசினால் எவ்வளவு ஆபத்து என்று சொல்வதில்லை. 2ஏ என்றவுடன் பீதியடைவது முதல் தவறு. மேற்சொன்ன மனித ஆய்வுகள் பெரும்பாலும் உடம்புப் பவுடரையும் சுரங்கத் தொழிலாளரையும் பற்றியவை. முகத்தில் ஒற்றும் அழுத்திய பவுடரைப் பற்றியவை அல்ல. அதைக் காட்டி முகப்பவுடர் பாதுகாப்பானது என்று தீர்ப்பது இரண்டாம் தவறு. உதிரித்தூளைவிட அழுத்திய பவுடரில் தூசி குறைவாகப் பறக்கும் என்பதால் சுவாசத்தில் செல்லும் அளவு குறைவாயிருக்கும் என்று எண்ண இடமுண்டு. அதற்கு மேல் சொல்வது ஊகம்.

‘டால்க் அற்றது’ என்ற உறை வாசகமும் முழு விடை அல்ல. மாற்றாக வரும் மைக்காவின் பின்னால் ஜார்கண்ட், பீகார் சுரங்கங்களில் குழந்தைகள் உழைக்கும் பிரச்சினை இருக்கிறது. அதைக் களைய 2017-இல் தொழில் நிறுவனங்களே கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நிலைப்பாடு: பிரச்சினை நிறத்தில்

மலிவுப் பவுடர் மீதான மிகப் பரவலான முறைப்பாடு நோய் பற்றியது அல்ல. முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது என்பது. காரணம் எளிது. டைட்டேனியம் டை ஒக்சைட்டு மலிவாக மறைக்கும். அது மிகுந்து, மஞ்சளும் சிவப்புமான இரும்பு ஒக்சைட்டு குறைந்தால், கறுத்த தோலில் வெண்மை தனித்து மிதக்கும். குறைந்த விலை வரிசைகளில் மூன்று நான்கு ஷேட்டுகளே வருவதும், அவையும் வெளிர்நிறத்தை ஒட்டியே வருவதும் இதை மோசமாக்குகின்றன.

இது தொழில்நுட்பக் குறைபாடு மட்டும்தானா? இல்லை என்போர் வரலாற்றைக் காட்டுகிறார்கள். கறுப்பினப் பெண்களுக்கான ஃபேஷன் ஃபேர் வரிசை அமெரிக்காவில் 1973-இல்தான் வந்தது. 2017-இல் பாடகி ரிஹானாவின் நிறுவனம் 40 ஷேட்டுகளில் பவுண்டேஷனை வெளியிட்டது செய்தியாயிற்று என்பதே அதுவரை இருந்த குறையைச் சொல்லும். இந்தியாவில் 1975 முதல் விற்ற ஃபேர் அன்ட் லவ்லி தன் பெயரை மாற்றியது 2020-இல். அதற்கு முன்பே, 2009-இல், சென்னையில் தொடங்கிய ‘கறுப்பே அழகு’ இயக்கம் இந்த மனப்பான்மையைக் கேள்விக்கு உட்படுத்தியது.

வெளிறச் செய்யும் ஆசை ஓர் உண்மையான ஆபத்துக்கும் வழி திறக்கிறது. பாதரசம் கலந்த வெளிறல் களிம்புகள் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும்; மினமாட்டா உடன்படிக்கை தொடக்கத்தில் அழகுசாதனங்களில் பாதரசத்துக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற வரம்பை வகுத்தது, இலங்கையும் 2017-இல் அதை ஏற்றது. பாதரசம் களிம்பிலும் சவர்க்காரத்திலுமே பெரிதும் காணப்படுகிறது. எனினும் ‘வெண்மை தரும்’ என்று விற்கப்படும் எதையும் அதே ஐயத்தோடு பார்ப்பது தகும்.

நிற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சரியான ஷேட் கிடைத்துவிட்டால் பாதுகாப்புக் கேள்வி தீர்ந்துவிடாது. நாற்பது ஷேட் உள்ள பொருளிலும் டால்க் இருக்கலாம்.

கடற்கரை வெயிலும் வியர்வையும்

மேற்கூறிய விடைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வுகளிலிருந்து வருபவை. திருகோணமலையில் நடு ஆண்டு மாதங்களில் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும். ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழை ஈரத்தைக் கொண்டுவரும். இந்த இரு பருவங்களிலும் பவுடர் ஒரே மாதிரி நடப்பதில்லை. முகத்து எண்ணெய் பஞ்சு வழியே தட்டில் திரும்பத் திரும்பப் படிந்து, பவுடரின் மேற்பரப்பை வழுவழுப்பாக இறுக்கிவிடும். பலர் இதைத் தரக்குறைவு என்று எண்ணுகிறார்கள். கழுவாத பஞ்சே பெரும்பாலும் காரணம்.

பஞ்சு பற்றிய கவலைக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. பிரித்தானியாவின் அஸ்டன் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்திய ஒப்பனைப் பொருள்களில் பத்தில் ஒன்பதில் நோய்க்கிருமிகள் காணப்பட்டன. மிக மோசமான நிலையில் இருந்தவை கழுவப்படாத பஞ்சுகள். உலர்ந்த பவுடரில் நீர் இல்லாததால் கிருமி எளிதில் பெருகாது. வியர்வை ஊறிய பஞ்சு அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கிறது.

பருவைப் பொறுத்தவரை, ஒப்பனையால் வரும் பரு என்ற கருத்தை 1972-இல் தோல் ஆய்வாளர்களான கிளிக்மன், மில்ஸ் இருவரும் முன்வைத்தனர். முயல் காதில் செய்த சோதனையை அவர்கள் நம்பினர். மனிதத் தோலுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது பின்னர் தெளிவாயிற்று. ‘துளைகளை அடைக்காது’ என்ற உறை வாசகத்துக்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட சட்ட வரையறை இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைவிடப் பவுடர் பருவுக்குக் குறைவான காரணம் என்பது பொதுக்கருத்து. ஆனால் தோலுக்குத் தோல் மாறும்.

வெயில் காப்பு பற்றிய வாக்குறுதி கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. எஸ்பிஎஃப் எண் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கப்படுவது. முகத்தின் பரப்பை 600 சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால் ஒருமுறைக்கு 1.2 கிராம் பவுடர் வேண்டும். நாளுக்கு ஒருமுறை பூசினாலே 9 கிராம் கொம்பக்ட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். ஒரு டப்பாவை மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு உறையில் உள்ள எஸ்பிஎஃப் கிடைப்பதில்லை. இரும்பு ஒக்சைட்டு கட்புலனாகும் ஒளியையும் ஓரளவு தடுக்கும், கறுத்த தோலில் மங்கு வருவதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு என்பது உண்மைதான். அங்கும் பூசும் அளவே முடிவு செய்யும்.

சட்டம் நிற்கும் இடம்

இலங்கையின் 1980-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் தன் பெயரிலேயே அழகுசாதனப் பொருள்களைக் கொண்டிருந்தது. அதை நீக்கி வந்த 2015-ஆம் ஆண்டு 5-ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் மருந்து, மருத்துவச் சாதனம், எல்லைக்கோட்டுப் பொருள் ஆகியவற்றைப் பேசுகிறது. அழகுசாதனத்துக்கு முன்பிருந்த தனி இடம் அதில் இல்லை. எஞ்சியிருப்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. விலை, திகதி, இறக்குமதியாளர் பெயர் முதலிய உறை விவரங்களை அது வற்புறுத்தலாம், சந்தையில் மாதிரி எடுக்கலாம். ஆனால் பொருள் சந்தைக்கு வருமுன் பாதுகாப்பு அறிக்கை கேட்பது வேறு வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் மூலம் ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பாளரையும் பாதுகாப்பு மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. இந்தியா 2020-ஆம் ஆண்டு விதிகளில் இறக்குமதி அழகுசாதனங்களுக்குப் பதிவை வற்புறுத்துகிறது.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. மேற்சொன்ன 2019 கிளேர்ஸ் நிகழ்வு வலுவான ஆய்வகங்கள் உள்ள நாட்டில் நடந்தது. சோதனைக் கூடமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத சட்டம் தாளில் நிற்கும். மேலும், கட்டுப்பாடு கடுமையாகும்போது சிறு உள்நாட்டு உற்பத்தியாளரே முதலில் நசுங்கக்கூடும் என்ற எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதல்ல.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது புலப்படும். ஒழுக்கவாதி ‘பூச வேண்டுமா’ என்றும், மூத்தவர் ‘வாங்க வேண்டுமா’ என்றும், வியாபாரி ‘எவ்வளவுக்கு’ என்றும், மருத்துவர் ‘உள்ளே என்ன’ என்றும், நிறம் பேசுபவர் ‘யாருக்காக’ என்றும் கேட்கிறார்கள். அவற்றுள் மிக உரத்துக் கேட்பது விலை. மிகக் குறைவாகச் சொல்வதும் அதுவே.

இன்றுள்ள சான்றுகளின்படி ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை சில உண்டு. மலிவு என்ற ஒரே காரணத்தால் ஒரு கொம்பக்டை ஒதுக்க ஆதாரமில்லை. விலை உயர்ந்தது என்பதால் நம்பவும் ஆதாரமில்லை. வெயில் காப்புக்கு முகப்பவுடரை நம்ப முடியாது. வெளிறச் செய்யும் என்ற வாக்குறுதி வாங்கத் தூண்டும் காரணமாக அல்லாமல் விலகும் காரணமாகவே கொள்ளத்தக்கது. குழந்தையின் முகத்தருகே எந்தப் பவுடரும் தேவையில்லை. பஞ்சைக் கழுவுவது டப்பாவை மாற்றுவதைவிடப் பயன் தரும்.

திறந்தே நிற்பவை இரண்டு. கல்நார் அற்ற டால்க்கை முகத்தில் பல்லாண்டு அன்றாடம் பூசுவதால் விளைவது என்ன என்பது ஒன்று. அதற்கு நேரடி ஆய்வு வேண்டும். நம் கடைகளுக்கு வரும் டால்க்கில் கல்நார் இல்லை என்று யார், எந்த முறையில், எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்பது மற்றது. அதற்கு ஆய்வைவிட அரசின் முடிவே வேண்டும்.

அது வரும்வரை, உறையில் உட்பொருள் பட்டியல், தொகுதி எண், காலாவதித் திகதி, இறக்குமதியாளர் அல்லது உற்பத்தியாளர் பெயர் ஆகிய நான்கும் தெளிவாக உள்ள மலிவுப் பவுடரை, தோலின் நிறத்துக்குப் பொருந்தினால், வாங்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் எந்த விலையிலும் வாங்க வேண்டாம். விவரம் குறைந்த டப்பாவைப் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.